கடலுக்குள் நின்று பார்த்த வெள்ளவத்தை

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ரயில் போகும்போது அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் மெல்லக் கிலுங்கும். அப்படியொரு வீட்டில் இருந்துகொண்டு, என் மொடல் ரயில் லேஅவுட்டுக்கு, அதாவது சின்ன ரயில் ஓடப் பலகையில் அமைக்கும் காட்சிக்கு, எந்த ஊரைச் செய்யலாம் என்று இரண்டு வருடம் எங்கெங்கோ தேடினேன். அதற்குள் ஒரு பலகை, இரண்டு மூட்டை பிளாஸ்டர், நிறைய ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை), அதைவிட நிறைய இரவுகள் போய்விட்டன. முதல் லேஅவுட்டைத் தொடங்கப்போகிற யாருக்காவது அதில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தொடங்கியது இது. லண்டனில் இருக்கும் மச்சான் எப்போதோ கொண்டுவந்து தந்த ஹோர்ன்பி நிறுவனத்து மொடல் ரயில் பெட்டி அலுமாரிக்கு மேலே தூசு பிடித்துக் கிடந்தது. ஓஓ அளவு, அதாவது உண்மை ரயிலின் 76இல் ஒரு பங்கு. ஆறடிக்கு நாலடிப் பலகை ஒன்றும் வீட்டில் இருந்தது. எந்த இடத்தைச் செய்யலாம் என்று தொலைபேசியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: தெமோதரை. ஒன்பது வளைவுப் பாலம், தேயிலைச் சரிவு, மலையைச் சுற்றிவந்து ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழையும் பாதை. எனக்கும் அதைவிட வடிவான இடம் எதுவும் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமல் ரெஜிபோமை வெட்டத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கை இப்போது சொல்கிறேன். பாலத்தின் நீளம் 300 அடி, உயரம் 80 அடி. 76ஆல் வகுத்தால் நீளம் ஏறத்தாழ நாலடி, உயரம் ஓரடிக்குச் சற்று மேலே. ஆறடிப் பலகையில் பாலமே நாலடியைப் பிடித்துக்கொண்டால் மலை எங்கே நிற்கும்? மலைநாட்டுப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளுக்கு ஐந்து செயின் ஆரை, அதாவது சுமார் 100 மீற்றர். அதையும் 76ஆல் வகுத்தால் 1.3 மீற்றர். ஒரு முழு வட்டம் போட 2.6 மீற்றர் வேண்டும். என் அறையின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெட்டியில் இருந்த வளைவுகளின் ஆரையோ 438 மில்லிமீற்றர்.

ஏற்றத்திலும் இதே கதை. உண்மைப் பாதை 44 அடி போனால் ஓரடி ஏறும். என் வட்டத்தை ஒருதரம் சுற்றினால் 2.75 மீற்றர் தூரம். கீழே போகும் பாதைக்கு மேலால் கடக்க, அந்தத் தூரத்துக்குள் ஏழரை சென்ரிமீற்றராவது ஏற வேண்டும். அது 37க்கு ஒன்று. வளைவும் ஏற்றமும் ஒன்றாகச் சேர, மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு போன எஞ்சின் பாதிவழியில் சில்லு மட்டும் சுற்ற நின்றுவிட்டது. ஒரு பெட்டியைக் கழற்றினேன். அப்புறம் இன்னொன்றை.

பாலத்தையும் ஐந்து வளைவாகக் குறைத்தேன். பிளாஸ்டர் பூசி, கல்லுக்குக் கல் கோடு கீறி, நிறம் தீட்டி முடிக்க ஒன்றரை மாதம். அப்போது மகளுக்கு எட்டு வயது. வந்து பார்த்தவள் விரலை வைத்து எண்ணினாள்.

"அப்பா, அஞ்சுதானே இருக்கு? மற்ற நாலும் எங்கே?"

அவள் கேட்டது நியாயம். ஒன்பது என்று பெயரிலேயே எண்ணிக்கை வைத்திருக்கிற பாலத்தைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. எல்லோருக்கும் தெரிந்த இடத்தைச் செய்தால் பார்ப்பவர்கள் தங்கள் மனதில் உள்ள படத்தோடு அதை ஒப்பிட்டு, எது இல்லை என்றுதான் முதலில் தேடுவார்கள். பெயரில்லாத ஒரு துண்டு நிலத்தை நீட்டலாம், சுருக்கலாம், ஒரு வீட்டை எடுத்துவிடலாம், யாருக்கும் உறுத்தாது. பெரிய அறையும் நீண்ட சுவரும் உள்ளவர்கள் தெமோதரையைத் தாராளமாகச் செய்யட்டும், நானே போய்ப் பார்ப்பேன். ஆறடிப் பலகைக்கு அது சரிவராது.

அப்பாவுக்கு ஊர் கொடிகாமம். நான் மலையோடு மல்லுக்கட்டுவதைக் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, உந்த மலையை விட்டுட்டு யாழ்தேவியைச் செய்யன்." 1956இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் எத்தனை தரம் போய்வந்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை போனபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றே பார்த்தார். அதனால் அவர் சொன்னதை மனப்பூர்வமாக எடுத்து, ஒரு மாதம் படம் கீறிப் பார்த்தேன். தட்டையான நிலம், ஏற்றம் இல்லை, வளைவு குறைவு. எஞ்சினுக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனால் அந்த நிலத்தின் அழகே வெளிதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல், அதற்கப்பால் பனைவரிசை. இம்முறை ஒன்றரை அடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைப்பதாகத்தான் எண்ணம். அப்படி வைத்தால் அந்த வெளி செத்துவிடும். ரயில் காட்சிக்குள் வருவதையும் வெளியே போவதையும் மறைக்க ஒரு மேடோ கட்டடமோ அங்கே இல்லை. பனையும் லேசில் குறுகாது. 20 மீற்றர் உயரமான மரம், ஓஓவைவிடச் சற்றுச் சின்னதான எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்கிலும் 23 சென்ரிமீற்றர் நிற்கும். அறையின் நடுவில் நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கக்கூடிய மேசை உள்ளவர்களுக்கு வடக்குப் பாதை அருமையாக வரும். எனக்குச் சுவர் மட்டுந்தான் இருந்தது.

களனிவெளிப் பாதையையும் யோசித்தேன். அவிசாவளைப் பக்கம் போகும் அந்தப் பாதை தொண்ணூறுகளில் அகலமாக்கப்படும் வரை இரண்டரை அடிக் குறும்பாதையாக இருந்தது. இரண்டரை அடி என்றால் 762 மில்லிமீற்றர். எச்ஓ அளவான 87ஆல் வகுத்தால் 8.8 வருகிறது. கடையில் 'என்' (N) என்ற மிகச் சின்ன அளவு ரயிலுக்கு விற்கிற 9 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தை எடுத்து, அதில் எச்ஓ அளவு பெட்டிகளை ஓடவிட்டால் அளவு கிட்டத்தட்ட அச்சாக அமையும். சின்ன எஞ்சின், கூர்மையான வளைவு, இறப்பர்த் தோட்டங்கள், பாதையோரத்து வீட்டுக் கொல்லைகள் என்று சின்ன அறைக்கு அளந்து செய்ததுபோன்ற பாதை அது. நான் விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அந்தக் காலத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து செய்யுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகமிருக்கும். ஒரு மாலை, வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் மகளோடு கடற்கரைக்கு இறங்கினேன். கடவையால் தண்டவாளத்தைத் தாண்டி, கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்களில் ஒன்றில் உட்கார்ந்தோம். இருட்டத் தொடங்கியது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டு இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

மாடிவீடுகள் எல்லாம் இருண்டு கிடந்தன. அந்தக் கறுப்புச் சுவருக்கு முன்னால் ரயில் மட்டும் வெளிச்சத்தோடு போயிற்று. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள், வாசலில் தொங்கிக்கொண்டு வரும் இளைஞர்கள், கையில் தொலைபேசி வெளிச்சம். நாற்பது செக்கன் இருக்கும். காலடியில் தண்ணீர், கல், அப்புறம் இரட்டைத் தண்டவாளம், வீதி, அதற்குப் பின்னால் கட்டடச் சுவர். பலகையில் அடுக்கினால் எப்படி இருக்குமோ அதே வரிசையில் எல்லாம் எனக்கு முன்னால் நின்றது. அதுவரை எங்கள் வீட்டு பல்கனியில் இருந்து, கடலைப் பார்த்தபடிதான் ரயிலைப் பார்த்து வந்திருக்கிறேன். கடல் பக்கம் நின்று நிலத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அந்த ஒரு திருப்பத்தில் என் சிக்கல்கள் பல அவிழ்ந்தன. லேஅவுட்டைப் பார்க்க வருபவர் கடலுக்குள் நிற்கிறார். முன்னால் 12 சென்ரிமீற்றர் கடல், 6 சென்ரிமீற்றர் கல், 10 சென்ரிமீற்றரில் இரட்டைப் பாதை, 10 சென்ரிமீற்றர் வீதி, பின்னால் 8 சென்ரிமீற்றருக்கு முகப்பு மட்டும் உள்ள கட்டடங்கள். மொத்தம் 46, அதாவது ஒன்றரை அடி. கட்டடங்களே சுவரை மறைத்துவிடுவதால் வானமும் தூரத்து மலையும் வரைய வேண்டியதில்லை. பாதை கிட்டத்தட்ட நேர்கோடு, ஏற்றமும் இல்லை. பதினொரு அடிச் சுவரில் நடுவே ஐந்தடி மட்டும் காட்சி, இரு ஓரத்திலும் மும்மூன்று அடி மறைவிடம். நாடக மேடையின் பக்கத்திரைபோல இரண்டு ஓரத்திலும் பலகை மறைப்பு வைத்தேன். ஒரு எஞ்சினும் மூன்று பெட்டியும் அந்த மறைவுக்குள் முழுதாக அடங்கும். உண்மையில் இங்கே ஓடும் ரயில் இதைவிட நீளம். அந்தக் குறை இருக்கிறது, வேறு வழியில்லை.

இன்னொரு குறையையும் இந்த இடம் தானாகவே மூடிவிட்டது. நமது அகலப் பாதை ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். கடைத் தண்டவாளமோ 16.5. ரயிலை முகத்துக்கு முகம் பார்த்தால் பாதை ஒடுங்கி, எஞ்சின் ஒல்லிக்காலில் நிற்பதுபோலத் தெரியும். பக்கவாட்டில், அதுவும் கற்களுக்கு மேலால் பார்க்கும்போது தெரியாது. ஆகவே சீனரியைத் தெரிவுசெய்யும்போது "எது அழகு" என்பதோடு "என்னிடம் உள்ள குறைகளில் எதை இந்த இடம் மறைக்கும்" என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விதான் லேஅவுட்டை முடிக்க வைத்தது.

இடம் முடிவானதும் வேலை தொடங்கலாம் என்று நினைத்தேன். தெஹிவளையில் இருக்கும், இதில் முப்பது வருட அனுபவமுள்ள அண்ணா ஒருவர் தடுத்தார். "எந்த மாதம், எத்தனை மணி, எந்த வருடம் எண்டு சொல்லுங்கோ, பிறகு பெயின்டைத் திறக்கலாம்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது கடலுக்கு நிறம் தேடியபோது விளங்கியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, கற்களில் நுரை அடிக்கும். தை, மாசியில் அதே கடல் நீலமாக, குளம்போலக் கிடக்கும். ஒரு மாதத்துக் கடலையும் இன்னொரு மாதத்து வானத்தையும் கலந்தால் ஏன் என்று சொல்லத் தெரியாமலே கண் உறுத்தும். நான் மாசி மாதம், மாலை ஐந்தரை மணி என்று வைத்தேன். அந்த நேரம் சூரியன் கடல் பக்கம், அதாவது பார்ப்பவரின் முதுகுப் பக்கம். ஆகவே வெளிச்சம் முன்னிருந்து, தாழ்வாக, மஞ்சளாக வர வேண்டும். சாதாரணமாக எல்லோரும் மேலே பூட்டும் எல்ஈடி பட்டியை நான் முன்விளிம்புக்கு மேலே, சரித்துப் பூட்டினேன். பெட்டிகளின் பக்கமெல்லாம் பொன்போல ஒளிர்கிறது.

வருடம் நிகழ்காலம். சந்தேகம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய்ப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். பழைய எஞ்சின் மேல் ஆசை உள்ளவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாம். 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கியபடி நம் காலத்திலும் ஓடுகின்றன. அவற்றின் மூல வகை ஜி12. பிரேசிலின் ஃப்ராடெஸ்கி நிறுவனம் அதை எச்ஓ அளவில் செய்கிறது. அதை வரவழைத்து, கீழ்ச்சட்டத்தில் கொஞ்சம் வேலை செய்து நிறம் மாற்றினேன். ஓஓவில் இருந்து எச்ஓவுக்கு மாறியதும் அதனால்தான். தண்டவாளம் இரண்டுக்கும் ஒன்றே.

பார்த்து எழுதுவதற்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளையும் ஒவ்வொரு மணிநேரம் நின்று எழுதினேன். கோட்டைக்குப் போகும் ரயில் கடலோரத் தண்டவாளத்தில், கோட்டையிலிருந்து வருவது வீதியோரத் தண்டவாளத்தில். இங்கே கைகாட்டி இல்லை, நிற விளக்கு சிக்னல்தான். பல்கனிகளில் ஏசி பெட்டிக்குக் கீழே துரு ஒழுகிய கோடு. கடலைப் பார்த்த பக்கத்துக் கம்பிகள் எல்லாம் துருப்பிடித்திருக்க, வீதிப் பக்கத்துக் கம்பிகளில் இன்னும் பெயின்ட் இருக்கிறது. மணலில் அடம்பன் கொடி, ஊதாப் பூவோடு. அதைப் பார்க்காமல் செய்திருந்தால் கடையில் வாங்கிய பச்சைப் புல்லை ஒட்டியிருப்பேன். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். அலைச் சத்தத்தில் பின்னால் வரும் ரயில் கேட்காது.

பலகையில் ஆணி அடிக்கும் முன் ஒரு வாரம் பழைய சப்பாத்துப் பெட்டிகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் கட்டடமாக அடுக்கி வைத்தேன். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். மூன்றாம் நாளே வீதியின் வலப்பக்கம் எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்தில் நின்று அலுப்புத் தட்டியது. ஒன்றை எடுத்துவிட்டு ஒரு பழைய ஒற்றைமாடி வீடும் தென்னையும் வைத்தேன். இதை அட்டைப்பெட்டியில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. பலகையின் உயரத்தையும் அப்போதுதான் தீர்மானித்தேன். நிலத்திலிருந்து 120 சென்ரிமீற்றர். கதிரையில் உட்கார்ந்தால் கண் ரயில் ஜன்னலுக்கு நேரே வரும்.

பொருட்களைப் பற்றி இரண்டு மூன்று விடயம். கடற்கரை மணல் இலவசம் என்று அப்படியே கொட்டிவிடாதீர்கள். அரை மில்லிமீற்றர் மணியை 87ஆல் பெருக்கினால் நாலு சென்ரிமீற்றருக்கு மேலான கல். ஆகவே உண்மை மணல் மணலாகத் தெரியாது, ஆனால் தண்டவாளத்துக்கு நடுவே போடும் சல்லிக்கு அச்சாகப் பொருந்தும். அதையும் நல்ல தண்ணீரில் நாலைந்து தரம் கழுவி, சட்டியில் வறுத்து, காந்தத்தால் தடவி இரும்புத் துகளை எடுக்க வேண்டும். முதல் தரம் நான் இரண்டு தரம்தான் கழுவினேன். மிஞ்சிய உப்பு ஈரத்தை இழுத்து, ஒரு மாதத்தில் தண்டவாள ஓரமெல்லாம் பச்சை பூத்தது. உளியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கடற்கரை மணலாகக் காட்ட, புறக்கோட்டையில் வாங்கிய மண் நிற டைல் கிரவுட்டைத்தான் தூவினேன். தேயிலைச் சாயம் ஊற்றிய சக்கையை உலர்த்தி மண்ணாகப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் காய்ந்தது போதாது, ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். அவணில் குறைந்த சூட்டில் ஒரு மணிநேரமாவது வைத்து எடுங்கள்.

கடலுக்கு மெல்லிய டிஷ்யூ கடதாசி. பலகைக்கு முதலில் நிறம் தீட்டி, தண்ணீர் கலந்த பைண்டர் கம்மைப் பூசி, கடதாசியை விரித்து, ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் தள்ளித்தள்ளிச் சுருக்கம் எழுப்ப வேண்டும். சுருக்கங்கள் கரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். காய்ந்ததும் கரையோரம் மண் கலந்த பச்சை, வெளிப்பக்கம் நீலம், சுருக்கத்தின் முதுகில் மட்டும் உலர்ந்த தூரிகையால் வெள்ளை. கடைசியில் பளபளப்பு வார்னிஷ், மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி.

மிக விரும்பிச் செய்தது பல்கனிகளைத்தான். ஒரு கொடியில் மூன்று சேலை காய்கிறது. தாமரை இலைப் பச்சை, குங்குமச் சிவப்பு, ஒன்று வெளுத்த மஞ்சள். டிஷ்யூ கடதாசியை நகம் அளவுக்கு வெட்டி, ஐதாக்கிய பெயின்டில் தோய்த்து, நூலில் மடித்துப் போட்டு, காயும் முன் கீழ்முனையை ஊசியால் ஒரு பக்கம் இழுத்துவிட்டேன். கடற்காற்று நிலத்தை நோக்கி அடிப்பதால் மூன்றும் வீட்டுச் சுவர்ப் பக்கம்தான் சாய வேண்டும். முதல் கொடியில் வெளிப்பக்கம் சாய்த்துவிட்டு, மறுநாள் எதிர்வீட்டுப் பல்கனியைப் பார்த்தபின் கழற்றித் திருப்பிப் போட்டேன்.

போன மாதம் அப்பாவைக் கதிரையில் இருத்தி ரயிலை ஓடவிட்டேன். தெஹிவளைப் பக்க மறைவிலிருந்து எம்2 மூன்று பெட்டியோடு வந்து, கல்லுக்கு மேலால் கோட்டைப் பக்கம் போயிற்று. அவர் ரயிலைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எங்கடை வீடு எது?"

ஐந்தடிக்குள் அடக்குவதற்காக விட்டுவிட்ட கட்டடங்களில் எங்களுடையதும் ஒன்று. இடமில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்று இரவே அட்டைப்பெட்டிகளை மறுபடி எடுத்தேன். ஒற்றைமாடி வீட்டை இரண்டரை அங்குலம் வலப்பக்கம் தள்ளினால் எங்கள் கட்டடத்தின் ஒரு பாதி, இரண்டாம் மாடிப் பல்கனியோடு, உள்ளே வருகிறது. கம்பிகளுக்கு இடையில் உள்ள தூரத்தை மகள் அளந்து கொப்பியில் எழுதித் தந்திருக்கிறாள். அப்பாவின் கதிரை பிரம்புக் கதிரை. அதற்கு எந்த நூல் சரிவரும் என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.